மந்திரச் சடங்கில் வரும் பேயைப் புரிந்துகொள்வது எப்படி

உடுக்கை அடித்துக் குறி சொல்லிப் பேயோட்டும் கோடாங்கியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பலர் ஒரு கேள்வியோடு உள்ளே வருகிறார்கள்: பேய் உண்டா, இல்லையா? உண்டு என்று வந்தவர் உண்டு என்றும், இல்லை என்று வந்தவர் இல்லை என்றும் திரும்பிப் போவதைத்தான் இத்தனை ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். நாட்டார் வழக்காறு படிக்கும் மாணவர்களுக்கும், தம் வீட்டிலேயே இப்படியொன்று நடந்து அதை விளங்கிக்கொள்ள முயல்பவர்களுக்கும் அந்தக் கேள்வியைக் கொஞ்சகாலம் ஒத்திவைக்கச் சொல்வேன். தாய்மாமன் உரிமையைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் மாமன் சீர் வராமல் எத்தனையோ காதுகுத்து பாதியில் நின்றிருக்கிறது. பேயையும் முனியையும் அந்த வகைப் பொருளாக, அதாவது ஒரு சமூகம் கூடி உருவாக்கி, விதிகள் வகுத்து, தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வரும் கருத்தாக எடுத்துக்கொண்டால், அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வினைச்சொல்லைக் கவனியுங்கள்

பெயர்ச்சொல்லை விட வினைச்சொல் அதிகம் பேசும். பேய் பிடிக்கும், முனி அடிக்கும், சாமி இறங்கும், ஏவல் ஏவப்படும், சூனியம் வைக்கப்படும். இந்த ஐந்து வினைகளையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. சாமி பிடித்துவிட்டது என்றோ பேய் இறங்கியது என்றோ சொன்னால், படிக்காத கிழவிகூடச் சிரிப்பாள். வினையைத் தெரிந்துகொண்டால் பரிகாரமும் பாதி தெரிந்துவிடும். பிடித்ததை ஓட்டவேண்டும். அடித்ததற்குப் பூசை போட்டுச் சமாதானம் செய்யவேண்டும். இறங்கியதை மரியாதையோடு மலையேற்றவேண்டும். வைத்ததைத் தோண்டி எடுக்கவேண்டும். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் 'ஆவியின் தாக்கத்துக்கு உள்ளானார்' என்று பொதுவாக எழுதிவைக்காதீர்கள். அவர்கள் எந்த வினையைச் சொன்னார்களோ அதையே எழுதுங்கள். பேச்சின் நடுவே வினை மாறினால், எந்த இடத்தில் யார் மாற்றினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 'காத்து பட்டுருச்சு' என்று தொடங்கியவர் மாலையில் 'செஞ்சு வச்சுட்டாங்க' என்று சொன்னால், இடையில் பங்காளிச் சண்டை ஒன்று நினைவுக்கு வந்திருக்கிறது என்று பொருள்.

'ஆவி' என்ற சொல்லிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி, உடலை விட்டுப் பிரிவதும் ஆவி, தேவாலயத்தில் வழிபடப்படுவது பரிசுத்த ஆவி. நான் உட்கார்ந்து கேட்ட கோடாங்கி வீடுகளில் இந்தச் சொல் அரிதாகத்தான் வந்தது. அங்கே பேய், முனி, காட்டேரி, கருப்பு, மாடன், இசக்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. 'ஆவி' என்று ஒருவர் பேசினால் அது வார இதழிலிருந்தோ திரைப்படத்திலிருந்தோ ஜெபக்கூட்டத்திலிருந்தோ வந்திருக்கக்கூடும், எங்கே பழகிய சொல் என்று நயமாக விசாரிக்கலாம். இதைப்போல, சாத்தனும் சாத்தானும் ஓசையில் நெருங்கியிருந்தாலும் உறவில்லாதவர்கள். முன்னது சங்ககாலத்திலிருந்து வரும் தமிழ்ப் பெயர். பின்னது செமித்திய மொழிகளிலிருந்து வேதாகமம் வழியாகவும் இஸ்லாம் வழியாகவும் வந்த சொல்.

எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பதால் என்ன நேரும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையே சான்று. கிறித்தவ மதபோதகர் கால்டுவெல் 1849-இல் அப்பகுதி மக்களைப் பற்றி எழுதியபோது, அவர்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். சுடலைமாடனுக்குக் கொடை கொடுப்பவரிடம் போய், நீங்கள் கும்பிடுவது பேய்தானே என்று கேட்டால் அவர் ஒப்புவாரா? அதே 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைக்கு, அவ்வட்டார மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வந்தார்கள். அகாலத்தில், வன்முறையில், சொந்தபந்தம் இல்லாத மண்ணில் செத்தவன் சும்மா இருக்கமாட்டான் என்பது அவர்களின் விதி. விதி பொருந்தியதால் வெள்ளைக்காரனுக்கும் அதில் இடம் கிடைத்தது. உயிரோடிருந்தபோது அவன் எதை விரும்பினானோ அதையே செத்த பிறகும் வைத்தார்கள். படையல் என்பது இறந்தவரைப் பற்றி எஞ்சியவர்கள் எழுதும் குறிப்பு என்று வைத்துக்கொண்டு, அதிலுள்ள பொருள்களை ஒன்றுவிடாமல் பட்டியலிடுங்கள்.

பிறகு முகவரி கேளுங்கள்

தமிழ்நாட்டுப் பேய்க்கு முகவரி உண்டு. எப்படிச் செத்தது, எந்த இடத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில் யாரைப் பிடிக்கிறது, என்ன கேட்கிறது என்ற நான்கும் தெரிந்தால் முகவரி முழுமை. ஆயுசு முடியாமல் போனவர்கள்தான் பேயாக அலைவார்கள் என்பது பரவலான எண்ணம். மிச்சமிருக்கும் ஆண்டுகளை அலைந்தே கழிக்கவேண்டும் என்று கணக்கும் சொல்வார்கள். எனவே ஒரு ஊரின் பேய்களை வரிசைப்படுத்தினால், அந்த ஊரில் கிணற்றில் விழுந்தவர்கள், நாண்டுகொண்டவர்கள், பிரசவத்தில் போனவர்கள், இப்போதெல்லாம் புறவழிச்சாலையில் அடிபட்டவர்கள் ஆகியோரின் பட்டியல் கிடைத்துவிடும். காவல் நிலையப் பதிவேட்டில் 'வயிற்றுவலி தாளாமல்' என்று முடிந்துபோன சாவுக்குப் பேய்க்கதையில்தான் உண்மைக் காரணம் இருக்கும் என்பதும் உண்டு. அதை நேராக நம்பிவிடவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது.

இடமும் நேரமும் கூட அப்படியே. புளியமரம், முச்சந்தி, சுடுகாட்டுப் பாதை, உச்சிவேளை, அந்தி. கறிக்குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போகும் பெண்ணிடம், மூடிமேல் ஒரு துண்டு அடுப்புக்கரி வைத்து அனுப்பும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், புதுப்பெண், சடங்கான பெண், பிள்ளை பெற்றவள் என்று வரிசை வரும். மணமும் குருதியும் சேர்ந்த, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறிக்கொண்டிருக்கிற பெண்ணுடல்தான் இந்த விதியின் மையம். 1990-களின் தொடக்கத்தில் அன்றைய தென்னார்க்காடு பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலர் இசபெல் நபகோவ், தாம் கண்ட சடங்குகளில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் புதிதாக மணமான பெண்கள் என்றும், பிடித்தவை பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் செத்த ஆண்களின் பேய்கள் என்றும், பம்பை மேளம் அடிக்கும் பம்பைக்காரர்கள் அவற்றைப் பேசவைத்து, கடைசியில் பெண்ணின் ஒரு கொத்து முடியைப் புளியமரத்தில் ஆணியடித்து முடிக்கிறார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். தெற்கே கோடாங்கி, உடுக்கை என்று கருவியும் ஆளும் மாறும். தூத்துக்குடி மாவட்டப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும், தர்காக்களிலும் தெய்வம் மாறும். பேயைப் பேசவைப்பது, பெயர் கேட்பது, போய்விடுவதாகச் சத்தியம் வாங்குவது என்ற நடைமுறை மட்டும் மதம் கடந்து நிற்கிறது.

சடங்கின்போது எங்கே பார்ப்பது

நான் செய்த தவற்றைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், நள்ளிரவு நெருங்கும் நேரம். கட்டுத்தரையில் கோலமாவுக் கட்டம். நடுவில் தலைவிரித்த ஒரு பெண், இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு எட்டு மாதம் ஆனவள். கோடாங்கி உடுக்கையை முதலில் நிதானமாகத் தட்டினார். அவள் தோள் ஆடத் தொடங்கியதும் தாளத்தை நெருக்கினார். திருநீற்றை நெற்றியில் பூசி, வேப்பிலைக் கொத்தை அவள் உச்சியில் வைத்துக்கொண்டு, "யாரு நீ? பேரச் சொல்லு" என்றார். பதில் இல்லை. "ஊரா, வெளியூரா? தண்ணியிலயா, கயித்துலயா?" என்று வழி பிரித்துக் கேட்டார். நெடுநேரத்துக்குப் பிறகு அவள் குரல் கட்டையாகி, "நான் இந்த வீட்டுக்கு மொதல்ல வந்தவ" என்றாள். கணவனின் இறந்துபோன முதல் மனைவி. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரே வாக்கியம் வந்தது: "அடகு வச்ச என் வளையலத் திருப்பிக் குடு."

நான் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். என் கண் தாளில் இருந்ததால், சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்க்கவில்லை. வளையல் என்ற சொல் வந்ததும் கணவன் எழுந்து வெளியே போனதையும், அவனுடைய அத்தை தலையைக் குனிந்துகொண்டதையும், மறுநாள் என்னோடு வந்த நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். முதல் மனைவியின் வளையல் மட்டுமல்லாமல் உயிரோடிருந்த இரண்டாமவளின் வளையலும் அடகுக்கடையில்தான் இருந்தது என்பது, இன்னும் இரண்டு நாள் கழித்து வேறொரு வாய்வழியாக வந்தது. பேய் பேசியதை நான் ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தேன். யார் கேட்கும்படி பேசியது என்பது என் குறிப்பில் இல்லவே இல்லை.

ஆகவே உள்ளே போனதும், பேசுகிறவரை விட்டுவிட்டு, முதலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். மாமியார் எந்தப் பக்கம், பிறந்த வீட்டார் வந்திருக்கிறார்களா, செலவு யாருடையது. கோடாங்கி கேட்கும் கேள்விகளையும் பதிலைப்போலவே கவனமாக எழுதுங்கள். தேர்ந்த கோடாங்கி பெயரைத் தானே சொல்வதில்லை, வழிகளைப் பிரித்துப் பிரித்து வைத்து, வீட்டார் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். கைப்பேசியில் பதிவு செய்வதைப் பற்றி முன்கூட்டியே, அந்தப் பெண்ணிடமே, அவள் தெளிவாக இருக்கும்போது கேட்கவேண்டும். கணவனோ கோடாங்கியோ சொன்ன சம்மதம் அவளுடைய சம்மதம் ஆகாது. படம் எடுக்காமலிருப்பதே நல்லது என்பது என் கட்சி.

இங்கே இரண்டு அவசர முடிவுகள் காத்திருக்கும். ஒன்று, அவள் நடிக்கிறாள் என்பது. அந்த இரவில் அவளைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். மற்றது படித்தவர்களுக்கு வருவது: ஒடுக்கப்பட்ட பெண் பேயின் வாயால் பேசுகிறாள் என்பது. இதில் உண்மை உண்டு என்றாலும், எல்லாப் பூட்டுக்கும் இதே சாவியைப் போட்டுத் திருகும் ஆய்வேடுகளைப் படித்துச் சலித்துவிட்டேன். பேசி முடித்ததும் பேயை அடித்து விரட்டுகிறார்கள்; பேசிய குறைக்கு அத்தோடு வாய்ப்பூட்டும் விழலாம். அந்த வீட்டில் அடுத்த வாரம் என்ன நடந்தது என்று தெரியாமல், சடங்கு அவளுக்கு விடுதலை தந்தது என்றோ அவளை அடக்கியது என்றோ எழுதாதீர்கள்.

இந்த ஐயங்கள் எல்லாம் நவீன காலத்துச் சரக்கு என்றும் நினைக்கவேண்டாம். சங்கப் பாடல்களில் மகள் மெலிவதைக் கண்ட தாய், முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான் என்று கருதி, முருக பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்ற ஆட்டச் சடங்கை நடத்துகிறாள். கழங்குக் காய்களை உருட்டிக் குறி பார்ப்பதும் மறியை, அதாவது ஆட்டுக்குட்டியை, அறுப்பதும் அந்தச் சடங்கில் உண்டு. நோய்க்குக் காரணம் மகள் விரும்பும் தலைவனின் மார்பு என்பது அவளுடைய தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34ஆம் பாடலில், தன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்பதற்காக வந்து நிற்கும் முருகனைப் பார்த்து, 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே' என்கிறாள் அவள். நீ கடவுளாகவே இரு, ஆனாலும் நீ அறியாதவன்தான் என்று பொருள். நம்புகிற தாய், தொழில் செய்கிற வேலன், உள்ளுக்குள் நகைக்கிற தோழி, மூவரும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். உங்கள் முன்னால் நடக்கும் சடங்கிலும் இந்த மூவரையும் தேடுங்கள். ஊரார் நம்புகிறார்கள் என்று மொத்தமாக எழுதிவிட்டால் தோழி காணாமல் போய்விடுவாள்.

மந்திரத்தின் இலக்கணம்

தொல்காப்பியச் செய்யுளியல், 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப' என்கிறது. ஆணை, மறைவு என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. கோயிலில் பாடும் பாட்டு இறைஞ்சும், மந்திரம் கட்டளையிடும். இலக்கணத்தில் 'போ', 'நில்', 'ஓடு' என்பவற்றை ஏவல் வினை என்கிறோம். ஒருவர் மேல் பேயை அனுப்புவதற்கும் ஏவல் என்றே பெயர். உங்களுக்கு முழு மந்திரத்தையும் சொல்லமாட்டார்கள், கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம். காதில் விழும் வினைமுற்றுகள் கெஞ்சுகின்றனவா, ஏவுகின்றனவா, எந்தத் தெய்வத்தின் பெயரால் ஏவுகின்றன என்பது போதும். மந்திரவாதி தன் சொந்த அதிகாரத்தில் பேசுவது அரிது. மேலதிகாரி ஒருவரின் ஆணையைக் காட்டித்தான் பேயை மிரட்டுகிறார். அந்த மேலதிகாரி பெரும்பாலும் அங்காளம்மனாகவோ காளியாகவோ கருப்பசாமியாகவோ இருப்பார்.

மறைவு என்ற பாதிக்கும் ஒரு நிலவியல் உண்டு. தமிழ்நாட்டில் சக்திவாய்ந்த மாந்திரீகம் என்றால் மலையாள நாடான கேரளத்தைக் காட்டுவார்கள், அல்லது கொல்லிமலையைக் காட்டுவார்கள். விளம்பரத்திலும் அப்படியே வரும். பக்கத்துத் தெருக்காரர் கைமருந்து கொடுப்பார். பெரிய மந்திரம் எல்லைக்கு அப்பால்தான் இருக்கும்.

பேயும் சாமியும்

வடமாவட்டங்களில் பூவாடைக்காரி என்று வீட்டுக்குள்ளேயே கும்பிடப்படும் பெண் தெய்வம் உண்டு. அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்தவள் அவள். கல்யாணத்துக்கு முன் அவளுக்குப் புடவை வைத்துப் படைப்பார்கள். தெற்கே கன்னிக்குத் துணி வைப்பதும் இதுவே. துணி வைக்காமல் விட்டால் அவளே தொந்தரவு கொடுப்பாள். இறந்தவர் ஒருவர்தான், உறவு நடந்தால் சாமி, அறுந்தால் பேய் என்ற இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். திருவாலங்காட்டை நினைத்துப் பாருங்கள். தன்னைக் கொன்ற கணவனைப் பேயாகித் துரத்தி வந்த நீலியின் கதையும், அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று அந்தக் கணவனுக்கு வாக்குக் கொடுத்த பழையனூர் வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்த கதையும் அந்த வட்டாரத்தவை. கணவனே அஞ்சி விலகியபின் சிவனிடம் பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் ஆடல் கண்டதும் அதே ஆலங்காட்டில். அவர் தம் பாடலில் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே சொல்லிக்கொள்கிறார். பேய் என்பது தீமைக்கு மறுபெயர் என்று எண்ணிப் போகிறவருக்கு இந்த ஊர் புரியாது.

குறிப்பேட்டை மூடவேண்டிய நேரம்

கருத்தாகப் பார்ப்பது என்பதற்காகக் காயத்தையும் கருத்தாகப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. வலிப்பு, காய்ச்சலோடு பிதற்றல், பிரசவத்துக்குப் பின் மனக்குழப்பம், சாகப்போவதாகப் பேச்சு ஆகியவை தென்பட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. பிரம்படியோ சூடோ சங்கிலியோ பார்த்தால் நீங்கள் ஆய்வாளர் அல்ல, சாட்சி. நோய் தீர்க்கத் தாயத்தும் மந்திரமும் விற்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டுப்படுத்துகிறது என்பதும், ஆயிரங்களைக் கேட்கிற ஆளிடம் நினைவூட்டத் தக்கது.

வீட்டாரிடம் பேசும்போது, பேயே இல்லை என்று தொடங்காதீர்கள், கதவு சாத்தப்படும். திருநீறும் போடுங்கள், ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள் என்றால் பெரும்பாலானோர் வருகிறார்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதை ஒரு தாளில் எழுதி, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுங்கள்.

எழுதியதை அவர்களிடமே படித்துக்காட்டாமல் வெளியிடாதீர்கள். வளையல் வீட்டுக்கு ஒன்றரை ஆண்டு கழித்து அதற்காகத்தான் போனேன். கன்னிமூலைப் பரணில் மஞ்சள் தடவிய துணியில் ஒரு புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆடி மாதம் எடுத்துப் படைக்கிறார்களாம். அவள் கையில் இரண்டு வளையல்கள் இருந்தன. மீட்டவையா, புதியவையா என்று நான் கேட்கவில்லை. குறிப்பைப் படித்துக்கொண்டே வந்தேன். 'பேய் சொன்னது' என்ற இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள். "பேய்னு எழுதாதீங்கண்ணே. எங்க அக்கான்னு எழுதுங்க."